ஹெர்னியா தழும்பில் திரும்பத் திரும்பக் கட்டி வந்தால்

வணக்கம், பாளையங்கோட்டையிலிருந்து பேசுகிறேன். புண்ணுக்குக் கட்டுப் போடும் நர்ஸ் வேலை என்னுடையது. களக்காடு, சேரன்மகாதேவிப் பக்கம் வாழைத்தார் சுமக்கும் அண்ணாச்சிமார் சிலர், தொடை இடுக்கில் குடலிறக்கத்துக்கு (ஹெர்னியா) ஆபரேஷன் செய்து பல மாதங்கள் கழித்து, தழும்பின் ஓரத்தில் சின்னக் கட்டி வந்து உடைவதும் காய்வதுமாக இருக்கிறது என்று வருவதுண்டு. அதைச் சூட்டுக் கட்டி என்று எண்ணி மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு, மருந்துக்கடையில் கேட்ட மாத்திரையை விழுங்கிக்கொண்டு நாளைக் கடத்துகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கட்டி என்றால், உள்ளே வைத்த மெஷ்ஷைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

பலவீனமான தசைக்கு வலுவாக வைக்கப்படும் மெஷ் பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் என்னும் பிளாஸ்டிக் இழையால் ஆனது; கொசுவலைத் துண்டு போலத்தான் இருக்கும். ஸ்டெஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகள் அந்த இழைகளில் ஒட்டிக்கொண்டு தம்மைச் சுற்றி வழவழப்பான படலம் கட்டிக்கொள்வதால், மாத்திரை சாப்பிடும் வரை அடங்கியிருந்து, நிறுத்தியதும் மறுபடி சீழ் கட்டுகிறது. துளை பெரிதான மெஷ் என்றால் நம் வெள்ளையணுக்கள் உள்ளே நுழைந்து போராட முடியும். சீழை வடித்து, ஏற்ற மருந்து கொடுத்து அதைக் காப்பாற்றிவிடும் வாய்ப்பும் உண்டு. துளை மிக நுண்ணியதாக இருந்தால் கிருமி மட்டும் நுழையும், அதைவிடப் பெரிய வெள்ளையணு நுழையாது. அப்போது மெஷ்ஷை எடுக்கவே வேண்டியிருக்கும்.

ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே சீழை எடுத்துக் கல்ச்சருக்கு, அதாவது எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒன்று சரியாகச் சுத்தம் செய்யாத கருவிகள் வழியே உள்ளே போவதுண்டு. வழக்கமான மாத்திரைக்கு அது மசியாது, தனியாகக் கேட்டால் ஒழிய லேபில் தேடவும் மாட்டார்கள். சர்க்கரை இருந்தாலும், பீடி பிடித்தாலும் ஆபத்து கூடுதல்.

மெஷ்ஷை எடுத்தால் குடல் மறுபடி இறங்கிவிடுமே என்று பலரும் பயப்படுகிறார்கள். அதற்குள் உருவான தழும்புத் திசுவே பலருக்குத் தாங்கிவிடுகிறது. இறங்கினாலும் சீழ் முழுவதும் ஆறிய பிறகு சரிசெய்துகொள்ளலாம். டிஸ்சார்ஜ் சம்மரியையும், மெஷ் பாக்கெட்டின் ஸ்டிக்கர் இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள். குளிர்க்காய்ச்சலோடு சிவப்பு பரவினால் மட்டும் விடியும் வரை காத்திராமல், அன்றிரவே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசுப் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.