பதினெட்டாவது கேள்வி

அன்பு நேயர்களுக்கு வணக்கம். நான் அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். பத்தொன்பது வருடமாக இதுதான் வேலை. பைலட் ஆகும் ஆசையோடு இங்கே வரும் நம் பிள்ளைகளிடமும், கடன் வாங்கி அவர்களை அனுப்பும் பெற்றோரிடமும் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று வெகுநாளாக மனதில் இருந்தது.

2022-ல் மதுரையிலிருந்து ஒரு பையன் வந்தான். பிளஸ் டூ முடித்த வருடம் அவனுக்குத் தூக்கம் போய், சோறு இறங்காமல், சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்திருக்கிறான். மனநல மருத்துவர் மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம் மாத்திரை எழுதிக் கொடுத்தார். எட்டு மாதத்தில் சரியாகி, மாத்திரையும் நின்றது. அதற்கப்புறம் நான்கு வருடம் ஒரு குறையும் இல்லை.

அமெரிக்காவில் பைலட் வேலைக்குப் படிக்கும் மாணவன், உடல்தகுதியைச் சொல்லும் மெடிக்கல் சான்றிதழ் இல்லாமல் பொதுவாகத் தனியாக விமானத்தை எடுக்க முடியாது. அதற்கு, விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் விண்ணப்பத்தை ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அதில் பதினெட்டாவது கேள்வி நோய்களின் நீண்ட பட்டியல். ‘எம்’ என்ற வரியில் மனச்சோர்வு, பதற்றம் எல்லாம் வரும். கடந்த ஐந்து வருடத்தில் வந்ததா என்று கேட்கவில்லை, வாழ்நாளில் எப்போதாவது வந்ததா என்று கேட்கிறார்கள். பையன் அந்த வரியில் மவுஸை நிறுத்திவிட்டுப் பத்து நிமிஷம் பேசாமல் இருந்தான். அப்புறம், “சார், மதுரையில சாப்பிட்ட மாத்திரை இவங்களுக்கு எப்படித் தெரியப்போகுது? அம்மாவும் ‘இல்லை’ன்னே போடச் சொல்றாங்க” என்றான்.

அவனை நான் திட்டவில்லை. பொய் சொல்லாவிட்டால் பறக்க முடியாது என்று இங்கே அனுபவமுள்ள விமானிகளே பேசிக்கொள்வதுண்டு. அந்தப் பயத்தைப் பற்றி ஆராய எஃப்.ஏ.ஏ. பிற்பாடு 2023 டிசம்பரில் ஒரு குழுவே அமைத்தது. 2024 ஏப்ரலில் அந்தக் குழு 24 பரிந்துரைகளைக் கொடுத்தது.

ஆனால் ‘இல்லை’ என்று போட்டால் என்ன ஆகும்? தெரிந்தே பொய் சொன்னால் 2,50,000 டாலர் வரை அபராதம், 5 வருடம் வரை சிறை என்று அந்த விண்ணப்பத்திலேயே அச்சிட்டிருக்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. இருபத்தொரு வயதில் மறைத்தவனுக்கு முப்பத்தைந்தில் மறுபடி மனசு சரிந்தால் எங்கே போவான்? டாக்டரிடம் போனால் பழைய பொய்யும் வெளியே வந்துவிடும். ஆகவே போகமாட்டான். மருந்தில்லாமல் காக்பிட்டில் உட்கார்ந்திருப்பான்.

2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் விமானத்தை, மனநோய் இருந்த துணை விமானி வேண்டுமென்றே மலையில் மோதியதில் 150 பேர் இறந்தார்கள். வேலைக்குப் போகத் தகுதியில்லை என்று டாக்டர்கள் கொடுத்த சீட்டை அவர் நிறுவனத்திடம் மறைத்திருந்தார். அவரைக் காட்டி, மனச்சோர்வு வந்தவர்கள் எல்லோரும் ஆபத்தானவர்கள் என்று பேசுவது பெரிய அநியாயம். மறைப்பதைத் தவிர வேறு வழி தெரியாத நிலைமையைத்தான் நாம் மாற்ற வேண்டும்.

வழி இருக்கிறது நேயர்களே. மனநிலை அளவுமீறி ஏறி இறங்கும் பைபோலார், நிஜம் எது என்று தெரியாமல் போகும் சைக்கோசிஸ் போன்ற சில நோய்களுக்குத்தான் விதியிலேயே தடை. அவற்றுக்கும் தனி அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். 2010 ஏப்ரலுக்கு முன்னால் மனச்சோர்வு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே பறக்க அனுமதி கிடையாது. அந்த மாதம் நான்கு மாத்திரைகளுக்குக் கதவு திறந்தது. எஸ்சிட்டலோபிராமும் அதில் ஒன்று. லேசாக வந்து குணமாகி, சிகிச்சை நின்று காலமும் ஆகியிருந்தால், சிலருக்கு, விமானிகளைப் பரிசோதிக்க எஃப்.ஏ.ஏ. அங்கீகரித்த டாக்டரே சான்றிதழ் கொடுக்கலாம் என்று 2024-ல் இன்னும் தளர்த்தினார்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். அவசரப்பட்டு விண்ணப்பத்தோடு போய் நிற்காதீர்கள். அந்த எஃப்.ஏ.ஏ. டாக்டர் அதைத் திறந்துவிட்டால் சான்றிதழ் கொடுக்க வேண்டும், மறுக்க வேண்டும், அல்லது முடிவை ஓக்லஹோமா சிட்டியில் இருக்கும் எஃப்.ஏ.ஏ. பிரிவுக்கு அனுப்ப வேண்டும். நடுவில் திரும்பப் பெற முடியாது. முதலில் டாக்டரிடம் ஆலோசனைக்கு என்று மட்டும் நேரம் வாங்கி, இருப்பதைச் சொல்லி, என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேளுங்கள்.

பையனுக்கு அப்படித்தான் செய்தோம். மதுரையில் அவன் அம்மா அந்த ஓ.பி. நோட்டை பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தார். யார் கண்ணிலும் படக்கூடாது என்று அத்தனை பயம். அதை வெளியே எடுத்து, ஒவ்வொரு பக்கமாகப் போனில் படம் பிடித்து அனுப்பினார். ஒரு பக்கத்தின் ஓரத்தில் மஞ்சள் கறை. பழைய மருத்துவரும் எந்தத் தேதியில் மாத்திரை ஆரம்பித்தது, எப்போது நின்றது, இப்போது எப்படி இருக்கிறான் என்று லெட்டர்பேடில் எழுதிக் கொடுத்தார்.

அவன் ‘ஆம்’ என்று போட்டான். கோப்பு ஓக்லஹோமாவுக்குப் போனது. ஏழு மாதம் காத்திருந்தோம். சம்பாத்தியம் இல்லாத பிள்ளைக்கு ஏழு மாதம் என்பது மிகக் கொடுமை, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். கையில் இருந்த பணத்துக்கு வாரம் ஒரு தடவை, நான் பக்கத்தில் இருக்க, விமானத்தை ஓட்டினான்.

சான்றிதழ் வந்த வாரம், காற்றில்லாத ஒரு காலையில் மூன்று தடவை நன்றாக இறக்கினான். நான் பெல்ட்டைக் கழற்றி, வலது பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கினேன். “அம்மாகிட்ட இப்பவே சொல்லட்டுமா சார்?” என்று கேட்டான். “இறங்கி வந்து சொல்லுப்பா” என்று கதவைச் சாத்தினேன்.