காரிலிருந்து இறங்காத பெற்றோர்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார், மணி அடித்த பிறகும் நிறுத்தவில்லை. பள்ளிக்கூடத்துக்காக வாதாட வந்தவர் மணிக்குக் கட்டுப்பட வேண்டாமா? முதல் பாயிண்ட் எங்கள் அணிக்கு என்று நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். யூதக் குழந்தைகளுக்குச் சமயக் கல்வி மனத்தில் ஒட்டுவது வீட்டிலா, பள்ளியிலா? வீட்டில்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

அம்மையார் தன் பெரிய ஆயுதத்தை எடுத்த எடுப்பிலேயே வீசிவிட்டார். யூத அறிஞர்களின் பழைய சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதில் வரும் யோசுவா பென் கம்லா. எருசலேம் ஆலயம் இடிபடுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு தலைமைக் குருவாக இருந்தவர். ஊர்தோறும் ஆசிரியரை வைத்து, ஆறேழு வயதுப் பிள்ளைகளைச் சேர்க்கச் செய்தவர் என்று தல்மூத் அவரைப் புகழ்கிறது. ஒரு ஆசிரியருக்கு 25 பிள்ளைகள், 40 ஆனால் ஓர் உதவியாளர், 50 ஆனால் இரண்டு ஆசிரியர்கள் என்று கணக்கும் அங்கேயே இருக்கிறது. (இந்தக் கணக்கை நம் ஊரில் எத்தனை பள்ளிகள் பார்க்கின்றன என்பது தனிப் பட்டிமன்றம்.)

எல்லாம் உண்மை. அதே பக்கத்தில், அதற்கு முந்தைய வரியை அம்மையார் வாசிக்காமல் விட்டுவிட்டார். தகப்பன் உள்ள பிள்ளைக்குத் தகப்பன் சொல்லிக்கொடுத்தான், தகப்பன் இல்லாத பிள்ளை படிக்காமல் போனது. அதனால்தான் இந்த ஏற்பாடு என்கிறது அந்த வரி. அதாவது, வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைக்காகத் தொடங்கியது பள்ளி. நல்ல ஏற்பாடு, கைகூப்பி வணங்குகிறேன். ஆனால் வீட்டில் ஆள் இருக்கும்போதே பிள்ளையை அந்தக் கணக்கில் சேர்த்துவிடுவது என்ன நியாயம்?

யூதர்களின் வேதமான தோராவைத் திறந்து பாருங்கள். அதில் உபாகமம் என்ற நூலின் ஆறாம் அதிகாரம். இந்த வார்த்தைகளை உன் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடு என்று கட்டளை. எப்போது? வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது, வழியில் நடக்கும்போது, படுக்கும்போது, எழுந்திருக்கும்போது. வகுப்பறை என்ற பேச்சே அங்கே இல்லை. அதே வார்த்தைகளை வீட்டு நிலைக்கால்களில் எழுதி வை என்றும் சொல்கிறது. இன்றும் யூத வீடுகளின் வாசற்காலில் ஒரு சின்னக் கூட்டுக்குள் அந்த வசனங்கள் எழுதிய தோல்சுருள் இருக்கும், மெசூசா என்பார்கள். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் அதைத் தொட்டு முத்தமிடும் வழக்கம் உண்டு. எட்டாத குழந்தையை அப்பா தூக்கிப் பிடிப்பார். அங்கே பாடம் தொடங்கிவிட்டது, வருகைப் பதிவேடு இல்லாமலே.

கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை இடித்தார்கள். பலிபீடம் போனது, குருமாரின் பணி போனது. அதன் பிறகு ஒருவனுடைய சாப்பாட்டு மேசைதான் பலிபீடத்தின் இடத்தில் நிற்கிறது என்று தல்மூத் ஆசிரியர்கள் சொன்னார்கள். பலியில் உப்பு சேர்த்த நினைவாக ரொட்டியை உப்பில் தொட்டுச் சாப்பிடும் வழக்கம் இன்றும் இருக்கிறது. அத்தனை பெரிய ஆலயத்தை இழந்த சமூகம் அதன் சடங்கைக் கொண்டுபோய் வைத்த இடம் சாப்பாட்டு மேசை.

யூதர்களின் ஓய்வுநாள் சனிக்கிழமை. அது தொடங்கும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த மேசையைப் பாருங்கள். சூரியன் மறையும் முன் விளக்கேற்றியாக வேண்டும். ஹல்லா என்னும் பின்னல் ரொட்டி இரண்டு, ஒரு கிண்ணம் திராட்சை ரசம். அப்புறம் பெற்றோர் பிள்ளைகளின் தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பார்கள். பையனுக்கு எப்பிராயீம், மனாசே போல இரு என்று. பெண்ணுக்கு சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாள் போல இரு என்று. வாரம் முழுக்கத் திட்டின கைதான், இருந்தாலும் அன்றைக்குத் தலையில் இருக்கிறது. இதற்கு எந்தப் பள்ளியில் பீரியட் போடுவார்கள்?

யூதர்களின் விடுதலைப் பண்டிகையான பாஸ்காவின் இரவுக்கு வருகிறேன். என் கட்சியின் முழு பலமும் இதில்தான் இருக்கிறது, நடுவர் ஒரு நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும்.

எகிப்தில் அடிமையாக இருந்து விடுதலையான கதையை அந்த இரவில் பிள்ளைக்குச் சொல்ல வேண்டும். பாடம் நடத்துகிறவர் என்ன செய்வார்? "குழந்தைகளே, கவனியுங்கள்" என்று ஆரம்பிப்பார். யூத வீடு அப்படிச் செய்யவில்லை. புளிக்காத ரொட்டி, கசப்புக் கீரை, உப்புத் தண்ணீரில் தோய்த்த காய் என்று வழக்கத்துக்கு மாறானவற்றை மேசையில் பரப்பிவிட்டுப் பிள்ளை கேட்கட்டும் என்று காத்திருக்கிறது. கடைக்குட்டி எழுந்து, இந்த இரவு மட்டும் ஏன் வேறு மாதிரி என்று நான்கு கேள்வி கேட்பான். அதன் பிறகுதான் கதை. பிள்ளை இல்லாவிட்டால் மனைவி கேட்க வேண்டும். தனியாக இருப்பவன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். கரைத்துக் குடித்த இரண்டு அறிஞர்கள் மட்டும் இருந்தாலும் ஒருவரை ஒருவர் கேட்க வேண்டும். கேள்வி இல்லாமல் அந்த இரவு நகராது. சாப்பாடு முடிவதற்குள் பிள்ளை தூங்கிவிடக் கூடாதே? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ரொட்டித் துண்டு ஒன்றை ஒளித்துவைத்துத் தேடச் சொல்வார்கள். அது இல்லாமல் விருந்தை முடிக்க முடியாது. கண்டுபிடித்த பிள்ளை அப்பாவிடம் பேரம் பேசிப் பரிசு வாங்கிக்கொண்டுதான் கொடுக்கும்.

அந்த இரவில் வாசிக்கும் ஹகடாவில் நான்கு வகைப் பிள்ளைகள் வருகிறார்கள். அறிவாளி, அடங்காதவன், வெள்ளந்தி, கேட்கவே தெரியாதவன். இதெல்லாம் உங்களுக்கு எதற்கு என்று அடங்காதவன் நக்கலாகக் கேட்கிறான். பள்ளியாக இருந்தால் அவன் வகுப்புக்கு வெளியே முட்டி போட்டிருப்பான். இங்கே சுருக்கென்று பதில் கிடைக்கிறது, ஆனால் மேசையை விட்டு எழுந்து போகச் சொல்லவில்லை. கேட்கத் தெரியாதவனுக்கு, நீயே பேச்சை ஆரம்பித்துக்கொடு என்கிறது நூல். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு விதமாகச் சொல் என்பதை இன்றைய கல்வியாளர்கள் கருத்தரங்கு போட்டுப் பேசுகிறார்கள். அங்கே அது சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடிந்துவிடுகிறது!

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். 1838இல் பிலடெல்பியாவில் ரெபெக்கா கிராட்ஸ் என்ற பெண்மணி எபிரேய ஞாயிறு பள்ளியைத் தொடங்கினார். பக்கத்துக் கிறிஸ்தவர்களின் ஞாயிறு பள்ளியைப் பார்த்து அமைத்ததுதான். ஏழைப் பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. பிற்காலத்தில் பொதுப் பள்ளி விட்டதும் பிற்பகலில் போகும் எபிரேயப் பள்ளிகள் ஜெப ஆலயங்களை ஒட்டிப் பெருகின. அங்கே என்ன ஆயிற்று? பதின்மூன்று வயதில் பார் மிட்ஸ்வா, பையன் சமயக் கடமைகளுக்குப் பொறுப்பேற்கும் நாள். அன்று தோராவில் தன் பகுதியைப் பையன் சபை முன் வாசிக்க வேண்டும். அதற்காக எழுத்துக் கூட்டப் பழகி, பொருள் தெரியாமல் ராகத்தை மனப்பாடம் செய்து, விருந்து முடிந்த மறுவாரம் நின்றுவிடும் பிள்ளைகள் ஏராளம். வாசல் வரை காரில் வந்து, பிள்ளையை இறக்கிவிட்டு, வண்டியை அணைக்காமலே கிளம்பும் பெற்றோர் அதைவிட ஏராளம். பிள்ளை முட்டாளா? இது முக்கியமென்றால் அப்பா ஏன் இறங்கவில்லை என்று அது யோசிக்காதா? இதில் ஆசிரியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாரத்தில் சில மணி நேரத்தை வைத்துக்கொண்டு, வீடு கைவிட்ட வேலையையும் சேர்த்துச் செய் என்று அவர் தலையில் கட்டினால் அவர் என்ன செய்வார்?

பெற்றோருக்கே தெரியாதபோது வீட்டில் யார் சொல்லிக்கொடுப்பது என்று எதிரணியின் முதல் பேச்சாளர் கேட்டார். நியாயமான கேள்வி. தெரியாத பெற்றோருக்குச் சொல்லிக்கொடுங்கள் என்பதே என் பதில். எருசலேமில் வாழ்ந்த வேத ஆசிரியை நெஹாமா லெய்போவிட்ஸ் அதைத்தான் செய்தார். 1942இல் தொடங்கி, அந்த வாரத் தோரா பகுதியை ஒட்டிக் கேள்வித்தாள் தயாரித்துத் தபாலில் அனுப்பினார். கிபுட்ஸ் என்னும் கூட்டுப் பண்ணைக்காரர்கள், படைவீரர்கள், வீட்டுப் பெண்கள் என்று பலரும் வீட்டிலிருந்தே விடை எழுதி அனுப்ப, சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பினார். சுமார் முப்பது ஆண்டுகள்! 2005இல் அமெரிக்காவில் தொடங்கிய பி.ஜே. லைப்ரரி, யூதக் கதைப் புத்தகங்களைச் சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு மாதாமாதம் இலவசமாக அனுப்புகிறது. படுக்கையில் பிள்ளைக்கு வாசித்துக் காட்டுகிற அம்மா, தனக்குத் தெரியாத பண்டிகையைத் தானும் தெரிந்துகொள்கிறார். இரண்டுமே வீட்டு முகவரிக்குத்தான் போயின.

எதிரணி இன்னும் சொல்லாத ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன், அடுத்த பேச்சாளர் எப்படியும் எடுப்பார். போலந்தின் கிராகோவ் நகரில் சாரா ஷெனிரர் என்ற தையல்காரப் பெண், 1917இல் பெண் பிள்ளைகளுக்கு பைஸ் யாக்கோவ் பள்ளியைத் தொடங்கினார். பையன்கள் மதப் பள்ளிக்குப் போனார்கள். பெண்களுக்கு வீட்டுப் பழக்கமே போதும் என்று விட்டதால் அவர்கள் விலகிப்போய்க்கொண்டிருந்தார்கள். வீடு தோற்ற இடம் அது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் எப்படி ஜெயித்தார்? ஆசிரியைகளாகப் போகவிருந்த பெண்களைக் கூடவே தங்க வைத்து, ஒன்றாகச் சாப்பிட்டு, ஒன்றாகப் பாடி, ஓய்வுநாளை ஒன்றாகக் கொண்டாடினார். 1947இல் அமெரிக்காவில் யூதப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ராமா கோடை முகாம்களும் இதே வழிதான். எங்கள் அணியின் சரக்கை வாங்கித் தங்கள் கடையில் விற்றிருக்கிறார்கள்.

கடைசியாக இரண்டு ஊர்கள். ஒன்று நம் நாட்டில், கொங்கணக் கரையில். பெனே இஸ்ரயேல் என்ற சமூகம். அந்தக் காலத்தில் எண்ணெய் ஆட்டியவர்கள். சனிக்கிழமை செக்கு ஓட்ட மாட்டார்கள் என்பதால் ஊரார் வைத்த பெயர் சனிவார் தேலி, சனிக்கிழமை எண்ணெய்க்காரர் என்று பொருள். வேத நூல் இல்லை, எபிரேயம் இல்லை, ரபி என்னும் சமய குரு இல்லை. ஓய்வுநாள் இருந்தது, விருத்தசேதனம் இருந்தது, உணவு விதிகள் இருந்தன, "இஸ்ரயேலே கேள்" என்ற ஒரே வரி ஜெபம் இருந்தது. பிற்பாடு கொச்சியிலிருந்து வந்த யூதர்கள் எபிரேயம் கற்றுக்கொடுத்தார்கள் என்பதும் உண்மை. அவர்கள் வந்து சேரும்போது கற்றுக்கொடுக்க ஒரு யூத சமூகம் அங்கே மிச்சம் இருந்ததே, அதைக் காப்பாற்றி வைத்தது யார்?

இன்னொன்று போர்ச்சுகலில் பெல்மோந்தே. 1497இல் யூதர்களைக் கட்டாயமாக மதம் மாற்றினார்கள். பின்னால் சமய விசாரணை மன்றம் வந்தது. பிடிபட்டால் சிறை, சொத்துப் பறிப்பு, உயிரோடு எரிப்பு. 1917இல் சாமுவேல் ஷ்வார்ட்ஸ் என்ற போலந்து சுரங்கப் பொறியாளர் அங்கே போனபோது, நானூறு ஆண்டு தாண்டியும் மறைவாக யூதராக வாழ்ந்துகொண்டிருந்த குடும்பங்களைக் கண்டார். வெளியுலகில் வேறு யூதர்கள் இருப்பதையே அவர்கள் நம்பவில்லை. ஜெபங்களை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள் வயதான பெண்கள். ஓய்வுநாள் விளக்கை வெளியே தெரியாமல் மறைத்து ஏற்றினார்கள். உளவு பார்க்கிறவர்களை ஏமாற்றப் பாஸ்காவைச் சில நாள் தள்ளிவைத்துக் கொண்டாடினார்கள்.

நடுவர் கை மணியின் பக்கம் போகிறது, நான் மீற மாட்டேன். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர், பெல்மோந்தேயில் அந்த நானூறு ஆண்டும் எந்தப் பள்ளி நடந்தது என்பதை மட்டும் சொல்லிவிட்டுத் தன் உரையைத் தொடங்கட்டும். நன்றி, வணக்கம்.