64-ஆல் வகுத்த கப்பல்

[திரையில்: வெறும் கடல் நீலம். மெல்லத் தெளிவாகிறது ஒரு மரக்கப்பல். அதன் அருகே ஒரு விரல் வந்து நிற்கிறது.]

இந்தக் கப்பல் என் மேசையில் இருக்கிறது. நீளம் 50 சென்டிமீட்டர். இதன் அசல் சுமார் 32 மீட்டர்: ஜேம்ஸ் குக் 1768 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிளிமத்திலிருந்து பசிபிக் கடலுக்கு ஓட்டிச் சென்ற எண்டெவர். கிளம்பியபோது அதில் 94 பேர் இருந்தார்கள்.

32 மீட்டரை 64-ஆல் வகுத்தால் 50 சென்டிமீட்டர். இந்த வீடியோ முழுக்க அந்த ஒரு கணக்குதான். மாதிரிக் கப்பல் செய்பவர்கள் பலர் கப்பலின் உடலை மட்டும் வகுத்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். கயிறு, பாய்த்துணி, கடைசியில் கேமரா நிற்கும் இடம் வரை வகுக்க வேண்டும்.

ஏன் எண்டெவர்? இது போர்க்கப்பலாகப் பிறந்ததல்ல. விட்பி ஊரில் 1764-இல் நிலக்கரி ஏற்றுவதற்காகக் கட்டியது. தட்டையான அடி, பருத்த வயிறு, மழுங்கிய மூக்கு. 1770 ஜூனில் ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டில் மோதி ஓட்டை விழுந்தபோது, கரையேற்றிச் சாய்த்துப் பழுது பார்க்க அந்தத் தட்டை அடிதான் கைகொடுத்தது. கடற்படை இதை வாங்கியபோது வரைந்த படங்கள் இன்றும் கிரீனிச் அருங்காட்சியகத்தில் உள்ளன. முழு அளவு நகல் கப்பல் ஒன்று சிட்னியில் நிற்கிறது. அதனால் ஊகத்துக்கு வேலை குறைவு.

[திரையில்: மீன் முள்ளைப் போல நிற்கும் வெறும் சட்டம்.]

கீழே நீளமாக ஓடுவது ஏரா. குறுக்கே நிற்பவை வங்கு. நம் கடற்கரைத் தோணிகளிலும் இவற்றுக்கு இதே பெயர்கள்தான். மாதிரியில் இரண்டையும் பிளைவுட்டில் வெட்டி ஒட்டுகிறோம்.

பலகை ஒட்டும் முன் ஒரு வேலை இருக்கிறது, அதில் மட்டும் அவசரப்படாதீர்கள். வங்குகளின் விளிம்பை உப்புத்தாளால் சாய்வாகத் தேய்க்க வேண்டும். மெல்லிய பட்டை ஒன்றை நீளவாக்கில் வைத்துப் பாருங்கள். எல்லா வங்கிலும் அது முழுதாகப் படிய வேண்டும். ஓரிடத்தில் முனை மட்டும் தொட்டால், அங்கே பிறகு மேடு தெரியும். வார்னிஷ் அதை மறைக்காது, இன்னும் எடுத்துக் காட்டும்.

அப்புறம் பலகை. இந்தக் கப்பலின் மூக்கில் பலகை ஏறக்குறைய செங்கோணத்தில் திரும்புகிறது. பட்டையை வெந்நீரில் ஊறவைத்து, சூடான இரும்புக் குழாயில் அழுத்தி வளைக்கிறேன். நடுவில் இருக்கும் அகலம் மூக்கில் இருக்காது. ஒவ்வொரு வங்கிலும் சுற்றளவை நூலால் அளந்து, பலகைகளின் எண்ணிக்கையால் வகுத்து, அதற்கேற்ப ஓரத்தைச் சீவுங்கள். தளப் பலகைகளின் ஓரத்தில் பென்சில் தேய்த்து ஒட்டினால், பலகை இடுக்கில் தார் அடைத்த கோடு தானாக வந்துவிடும்.

[திரையில்: மூன்று பாய்மரங்கள். ஒரு கை நூலைக் கட்டுகிறது.]

சரி, கயிறு. என் மனதுக்கு மிகவும் பிடித்த இடம் இது.

பழைய ஆவணங்களில் '8 அங்குலக் கயிறு' என்று இருக்கும். அது விட்டம் அல்ல, சுற்றளவு. விட்டம் இரண்டரை அங்குலம், அதாவது ஆறரை சென்டிமீட்டர். 64-ஆல் வகுத்தால் 1 மில்லிமீட்டர் நூல். விட்டம் என்று நினைத்தால் 3 மில்லிமீட்டர் வரும். என் முதல் கப்பலில் அப்படித்தான் கட்டினேன். மூன்று மாத வேலையை அறுத்து எடுத்தேன்.

நிறமும் உண்டு. பாய்மரத்தைத் தாங்கி அசையாமல் நிற்கும் கயிறுகளுக்குத் தார் பூசுவார்கள், அவை கருமை. பாயையும், அது தொங்கும் குறுக்குக் கம்பான பருமலையும் இழுக்கும் கயிறுகள் சணல் நிறம். வெள்ளை நூல் எங்கேயும் வேண்டாம். பருத்தி நூலாக இருந்தால் தேன்மெழுகில் இழுத்துப் பிசிறை அடக்குங்கள்.

பக்கவாட்டுக் கயிறுகளில் மாலுமிகள் ஏறும் படிகள் 33 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்தால், நமக்கு 5 மில்லிமீட்டர். கோடு போட்ட அட்டையைப் பின்னால் வைத்துக்கொண்டு முடிச்சுப் போடுங்கள். இழுத்துக் கட்டினால் இரண்டு பக்கக் கயிறும் உள்ளே குவிந்து உடுக்கை மாதிரி ஆகிவிடும். படிக்கயிறு லேசாகத் தொய்ந்திருப்பதுதான் அழகு.

பாயை நான் விரிப்பதில்லை. மெல்லிய துணி 0.2 மில்லிமீட்டர் என்றாலும், 64-ஆல் பெருக்கினால் ஒன்றேகால் சென்டிமீட்டர் தடிமன். அப்படி ஒரு பாய் எந்தக் காற்றுக்கும் வளையாது. டிஷ்யூ தாளில், உண்மை உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வெட்டி, பருமலில் சுருட்டிக் கட்டியிருக்கிறேன். முழு உயரத்தைச் சுருட்டினால் மூட்டையாகிவிடும்.

[திரையில்: ஒரே கப்பலின் இரண்டு படங்கள், அருகருகே.]

இடது படம் மேலிருந்து எடுத்தது, பொம்மை. வலது படம் கப்பல். கேமராவை இறக்கியதுதான் வித்தியாசம். 170 சென்டிமீட்டர் மனிதர் இந்த அளவில் 2.7 சென்டிமீட்டர். கரையில் நிற்கும் அவருடைய கண் எங்கே இருக்குமோ, லென்ஸ் அங்கே இருக்க வேண்டும். அவர் 64 மீட்டர் தள்ளி நிற்பதாக வைத்துக்கொண்டால், உங்கள் கேமரா ஒரு மீட்டர் தள்ளி.

மிக நெருங்கினால் மூக்கு தெளிந்து பின்புறம் மங்கும், உடனே கண் 'இது சின்னது' என்று கண்டுபிடித்துவிடும். கேமராவில் எஃப் 16, அதாவது லென்ஸின் துளை சிறிது, முன்னும் பின்னும் தெளிவாக விழும். கூடவே முக்காலி, இரண்டு நொடி டைமர். போனில் எடுப்பவர்களுக்கு அதன் சிறிய சென்சார் இங்கே உதவியே செய்கிறது. விளக்கு ஒன்றே ஒன்று, பக்கவாட்டில், தள்ளி. சூரியன் ஒன்றுதானே! இரண்டு விளக்கு வைத்தால் ஒவ்வொரு கயிற்றுக்கும் இரண்டு நிழல் விழும். பின்னணிக்குச் சாம்பல் நீல அட்டை, கப்பலின் நிழல் எட்டாத தூரத்தில்.

[திரையில்: கப்பலின் தளம், மிக நெருக்கத்தில். ஒரு தூசி.]

படம் எடுக்கும் முன் மென்மையான தூரிகையால் தளத்தை ஒருமுறை துடைத்துவிடுங்கள். அந்தத் தூசி அரை மில்லிமீட்டர்தான். ஆனால் குக்கின் தளத்தில் அது ஒரு எலுமிச்சம்பழம்.