இந்த மலைநாட்டை எனக்குத் தாரும்

கர்த்தருக்குள் அன்பானவர்களே,

போன மாதம் பணி ஓய்வு பெற்ற ஓர் அண்ணன், ஆராதனை முடிந்து ஆலய வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அறுபதோட நம்ம காலம் முடிஞ்சுது. இனிமே கர்த்தர் என்னை எதுக்குக் கூப்பிடப் போறார்?" அன்றைக்கு எனக்குப் பதில் வரவில்லை. அண்ணே, இன்றைக்குச் சொல்கிறேன்.

கொல்லிமலைக்கு நம்மில் பலர் போயிருக்கிறோம். இப்போது 70 கொண்டை ஊசி வளைவுகள்; பஸ்ஸிலேயே ஏறிவிடலாம். 1913இல் மிஷனரி ஜெஸ்ஸி பிராண்டைக் கைப்பிடித்து, தானும் மிஷனரியான எவலின் அம்மா அங்கே போனபோது ஒற்றையடிப் பாதைதான். லண்டனில் வசதியான வீட்டில் பிறந்தவர், ஓவியம் பயின்றவர்.

அந்த நாளில் மலை ஜனங்களை வாட்டிய நோய்களில் ஒன்று நரம்புச் சிலந்தி. குட்டைத் தண்ணீரைக் குடித்து ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்துக் காலில் கொப்புளம் கட்டும். அது உடைந்து, வெள்ளை நூல் போலப் புழு தலைநீட்டும். வெடுக்கென்று இழுத்தால் அறுந்து, உள்ளே சீழ் பிடித்துவிடும். ஈரத் துணி போட்டு, சின்னக் குச்சியில் இன்றைக்கு ஒரு சுற்று, நாளைக்கு ஒரு சுற்று. முழுப் புழுவும் வெளியே வர வாரக்கணக்கில் ஆகும். தேவ அழைப்பு என்றால் நாம் பெரிய மேடையை நினைக்கிறோம். எனக்கு அந்தக் குச்சிதான் கண்முன் வருகிறது. (நம் நாட்டில் அந்த நோய் கடைசியாகக் காணப்பட்டது 1996இல்.)

1929இல் ஜெஸ்ஸி மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த மகன் பாலுக்குத் தந்தி முதலில் வந்தது. அப்பா உயிரோடிருந்தபோது எழுதிய கடிதம் கப்பலில் பிறகு வந்து சேர்ந்தது. பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர் அந்த மகன்தான்.

எவலின் அம்மாவை மிஷன் சமவெளிக்கு மாற்றியது. எழுபதை நெருங்கும்போது ஓய்வு என்றது. சரி என்றார். பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, சொந்தமாக மலைக்கே திரும்பிவிட்டார்! சுற்றியிருந்த மற்ற மலைகளுக்கும் போகவேண்டும் என்பது கணவனும் மனைவியுமாய்ச் செய்த ஜெபம். வேதத்தில் காலேப் எண்பத்தைந்து வயதில் யோசுவாவிடம் மலைநாட்டைத்தானே கேட்டான்? விளைந்த வயலைக் கேட்கவில்லையே!

மட்டக்குதிரையில் ஊர் ஊராகப் போனார். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மகன் பால் வந்து, போதும் அம்மா, இறங்கி வந்துவிடுங்கள் என்று மன்றாடினார். நான் போய்விட்டால் இவர்களுடைய புண்ணுக்கு யார் கட்டுப்போடுவார், பல்லை யார் பிடுங்குவார், தேவனுக்குப் பயன்படாத இந்தக் கிழ உடம்பைக் காப்பாற்றி வைத்து என்ன செய்ய என்று கேட்டார் அந்தத் தாய். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. முழங்கால் வலிக்கிறது என்று அந்த வாரம்தான் நான் ஒரு ஜெபக் கூட்டத்தை விட்டிருந்தேன்.

முதுமையில் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை. கால் ஓய்ந்தபோது இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். அதுவும் முடியாமல் போனபோது மலை ஜனங்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். 1974 டிசம்பரில், 95 வயதில் கண்மூடினார். கொல்லிமலையில், ஜெஸ்ஸியின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.