கொப்பியில் எழுதாத அன்பு

அன்பான நேயர்களுக்கு வணக்கம். கடவுளின் அன்பைப் பற்றிப் பேச வரச் சொன்னார்கள். எனக்குப் பெரிய சந்தோசம். உங்களில் சிலர் அடுப்படியில் நிற்பீர்கள், சிலர் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருப்பீர்கள். கைவேலை நடக்கட்டும், காதை மட்டும் இந்தப் பக்கம் தாருங்கள்.

எங்கள் ஊரில் ஒரு கலியாண வீடு முடிந்தால், அன்றிரவே வீட்டுக்காரர் ஒரு கொப்பியோடு உட்காருவார். என்வலப்புகளை உடைத்து, யார் எவ்வளவு தந்தார் என்று பெயர் பெயராக எழுதுவார். நாளைக்கு அந்த வீட்டில் ஒரு சாமத்திய வீடு வந்தால் குறையாமல் திருப்பிச் செய்ய வேண்டுமே. அதை நான் பிழை சொல்ல மாட்டேன். ஒரு குடும்பத்தின் காரியம் ஒப்பேற ஊரே கைகொடுக்கிற ஏற்பாடு அது. ஆனால் அதே கொப்பியை மனதுக்குள்ளும் வைத்திருக்கிறோமே, அங்கேதான் கரைச்சல். “எங்கள் அப்புவின் செத்த வீட்டுக்கு அவர்கள் வரவில்லை, நாங்கள் ஏன் போக வேண்டும்?” “ஒரு முழம் தள்ளிக் கதியால் நட்டவன், அவனோடு என்ன கதை?” இப்படி வருசக்கணக்காக முகம் கொடுத்துக் கதைக்காத சகோதரங்கள் எத்தனை பேர்! இதைக் கேட்கும்போதே உங்களுக்கும் ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்கும்.

கடவுளிடம் அந்தக் கொப்பி இல்லை. கிறிஸ்தவ விசுவாசத்தின் அடி நாதம் இதுதான். நாங்கள் திருந்தி நல்லவர்களான பிறகு அவர் அன்பு செய்யத் தொடங்கவில்லை. நாங்கள் பாவிகளாக இருந்தபோதே கிறிஸ்து எங்களுக்காக உயிரைக் கொடுத்தார் என்று பவுல் உரோமருக்கு எழுதுகிறார். அன்பு முதலில் வந்தது. எங்கள் நன்மை, எங்கள் செபம், எங்கள் காணிக்கை எல்லாம் அதற்குப் பிறகு. இதை நான் இன்னும் ஒருமுறை சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லூக்கா நற்செய்தியில் 15ஆம் அதிகாரம், ஊதாரி மைந்தன் கதை. கிறிஸ்தவர் அல்லாத நேயர்களுக்கும் தெரிந்திருக்கும். சொத்தைப் பிரித்து வாங்கிக்கொண்டு போன இளையவன், எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் பசியோடு திரும்பி வருகிறான். வெளிக்கிட முதலே தகப்பனிடம் என்ன சொல்வது என்று பாடமாக்கிக்கொள்கிறான். நான் பாவம் செய்தேன், உங்கள் மகன் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை, என்னை ஒரு கூலியாளாக வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் அவன் தயார் செய்த பேச்சு. வீட்டில் என்ன நடந்தது என்று ஆறுதலாக வாசித்துப் பாருங்கள். கூலியாள் என்ற அந்தக் கடைசிப் பகுதி அவன் வாயிலிருந்து வரவேயில்லை. அதற்குள் தகப்பன் உடுப்பையும் மோதிரத்தையும் கொண்டுவரச் சொல்லிவிட்டார். வேலை செய்து கடனை அடைக்கிறேன் என்று பேச வந்தவனுக்கு, அந்தப் பேச்சை எடுக்கவே இடம் கிடைக்கவில்லை.

மூத்தவனோ வாசலுக்கு வெளியே நிற்கிறான். இத்தனை வருசம் உழைத்தேன், ஒரு ஆட்டுக்குட்டி தந்தீர்களா என்று கேட்கிறான். அவனிடம் கொப்பி இருக்கிறது. தகப்பன் அவனையும் ஏசவில்லை, விருந்தை விட்டு எழுந்து வெளியே வந்து கெஞ்சுகிறார். கோயிலுக்குத் தவறாமல் போகிற எங்களுக்கு இந்த மூத்தவன்தான் கிட்டின சொந்தம் என்பது என் எண்ணம்.

சரி, எங்கள் மண்ணுக்கு வருவோம். புனித யோசவ்வாஸ் அடிகளாரைப் பற்றிக் கதைக்கக் கிடைத்தால் நான் விடமாட்டேன். 1651இல் கோவாவில், ஒரு பிராமண குலத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை இங்கே இருக்க விடவில்லை. சனம் பூசை இல்லாமல், பாவசங்கீர்த்தனம் கேட்க ஆளில்லாமல் தவித்தது. 1687இல் அவர் ஒரு கூலிக்காரனைப் போல உடுத்து, துணைக்கு ஜோன் என்ற இளைஞனோடு இங்கே வந்து சேர்ந்தார். வந்த கையோடு இரண்டு பேருக்கும் வயிற்றுளைவு. நோய்க்குப் பயந்து ஊர் ஒதுக்கிவிட, எழும்ப முடியாமல் ஊருக்கு வெளியே கிடந்தார்கள். அப்போது ஒரு பெண் அவர்களுக்குக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள் என்று அவருடைய வரலாறு சொல்கிறது.

அந்தக் கஞ்சியில் கொஞ்சம் நிற்க வேண்டும். அவர் குரு என்பது வெளியில் தெரியாத காலம். பார்ப்பவர்களுக்கு அவர் ஒரு பரதேசி, அதுவும் தொற்று வியாதிக்காரன். திருப்பித் தர அவரிடம் ஒன்றுமில்லை. அவரைப் புனிதராக அறிவித்த விழாவுக்கு, 2015 ஜனவரி 14இல், எத்தனை ஆயிரம் சனம் காலிமுகத்திடலில் கூடியது! பாப்பரசர் பிரான்சிசே வந்தார். எங்கள் பகுதியில் அவர் கால் வைத்து முதலில் ஏற்றுக்கொண்டதோ ஒரு மனுசி கொடுத்த கஞ்சி. கொடுப்பதற்கு முன்னால் அவர் வாங்கினார். அன்பு முதலில் வந்தது என்று சொன்னேனே, அது இப்படித்தான் வரும்.

உடம்பு தேறினதும் கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை கேட்டார். செபமாலையைக் கண்டு எந்த வீட்டில் முகம் மாறுகிறது என்று பார்த்தே விசுவாசிகளைக் கண்டுபிடித்தார். யாழ்ப்பாணத்துச் சில்லாலை ஊரில் தங்கி, இரவில் மறைவாகப் பூசை வைத்தார். சில்லாலை ஆட்களுக்கு இந்தக் கதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1692இல் கண்டிக்குப் போனபோது ஒற்றன் என்று சந்தேகித்து அவரைச் சிறையில் போட்டார்கள். அதே கண்டியில்தான் 1697இல் பெரியம்மை பரவியது. மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியனே நகரை விட்டுப் போனான். வருத்தக்காரரைச் சொந்தக்காரரே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். வாஸ் அடிகளாரும் அவருடைய உறவினரான கர்வாலோ அடிகளாரும் அவர்களைத் தேடிப் போய், குடிசை போட்டு, புண்ணைக் கழுவி, சாப்பாடு ஊட்டி, இறந்தவர்களைத் தங்கள் கையாலேயே புதைத்தார்கள். பௌத்தனா, கத்தோலிக்கனா என்று விசாரிக்கவில்லை. தன்னைச் சிறை வைத்த ஊர் என்ற கணக்கும் பார்க்கவில்லை. எங்கேயோ ஊருக்கு வெளியே கிடந்து கஞ்சி வாங்கிக் குடித்த மனிதனுக்கு, காட்டில் கிடப்பவனின் பசி தெரியாதா?

இதைச் சொன்னால் ஒரு கேள்வி வரும். நிபந்தனை இல்லாத அன்பு என்றால் கேட்டதெல்லாம் கொடுப்பதா? போதைக்கு அடிமையான மகன் வீட்டுச் சாமான்களை விற்கிறான், அம்மாவிடம் வந்து காசு கேட்கிறான். இன்று எங்கள் ஊர்களில் இது புதினமில்லை. காசு கொடுக்க வேண்டாம், அம்மா. அது அவனைக் கொல்லும். ஆனால் சோறு கொடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். சிகிச்சைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், வரமாட்டேன் என்றால் அடுத்த கிழமையும் கேளுங்கள். காசு இல்லை என்று சொல்வதும் அன்புதான். நீ என் பிள்ளையே இல்லை என்று சொல்வதுதான் ஊதாரி மைந்தனின் தகப்பன் செய்யாத காரியம்.

இன்னொன்று. பிள்ளைகள் கனடாவில், லண்டனில். இங்கே அம்மா தனியாக. காசு மாதாமாதம் வருகிறது, வந்து இருந்து கதைக்க ஆளில்லை. உங்கள் ஒழுங்கையிலும் அப்படி ஒரு வீடு இருக்கும். அவர்களால் உங்களுக்கு ஒரு பிரயோசனமும் இல்லாவிட்டாலும், போய் அரை மணித்தியாலம் இருங்கள். அவர் சொன்ன கதையையே திரும்பச் சொல்லுவார். கேளுங்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள், நேரம் முடிகிறதாம். சாதியைப் பற்றி விரிவாகப் பேசத்தான் வைத்திருந்தேன். சுருக்கமாகவே சொல்கிறேன். ஒரே பீடத்தில் நற்கருணை வாங்கிவிட்டு, சம்பந்தம் என்று வந்தவுடன் “அவர்கள் என்ன ஆட்கள்” என்று விசாரிக்கிற கிறிஸ்தவர்கள் இங்கே இன்னும் இருக்கிறோம். பிராமண குலத்தில் பிறந்த வாஸ் அடிகளார் இந்த மண்ணில் பிச்சைக்காரனாக நடந்தார். அவர் படத்துக்கு மாலை போடுபவர்கள் அந்த விசாரணையை இந்தத் தலைமுறையோடு நிறுத்த வேண்டும். போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களிடம் மன்னியுங்கள் என்று நாங்கள் அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது என்பதையும் பேச நினைத்தேன். உண்மை கேட்டு நிற்கிற தாயோடு கூட நிற்பதும் கிறிஸ்தவ அன்பின் வேலை. அதை ஒரு நிமிசத்தில் பேச முடியாது. இன்னொரு நாள் அழைத்தால் அங்கிருந்தே தொடங்குகிறேன். நன்றி, வணக்கம்.