பொத்தானைத் தொடும் முன் அரைமணி நேரம்

தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் நடுவர்களே, தலைமைப் பயிற்சியாளர் ஐயா அவர்களே, ஒவ்வொரு சுற்றுக்கும் ஜோடி அட்டவணை போட்டே களைத்துப்போன அமைப்பாளர்களே, பிள்ளைகளுக்காக வெளியே காத்துக் கிடந்த பெற்றோர்களே, எல்லோருக்கும் வணக்கம். இந்தத் தலைப்பில் நான்தான் பேச வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் தலைவர், அவருக்குத் தனியாக ஒரு நன்றி. துணைத் தலைவர் வந்துகொண்டிருக்கிறாராம், அவருக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மூன்று விஷயம் பேச வந்தேன். செஸ் இன்ஜின், அதாவது சதுரங்கம் ஆடும் கணினி நிரல், காட்டும் எண்ணுக்கு என்ன பொருள், ஆடி முடித்த ஆட்டத்தை அதை வைத்து எப்படி அலசுவது, ஆட்டம் முடிந்ததும் ஆடிய இருவரும் சேர்ந்து அலசும் பழக்கத்தை எப்படிக் காப்பது.

1997-ல் உலக சாம்பியன் காஸ்பரோவை ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ கணினி 3.5–2.5 என்று தோற்கடித்தபோது அதற்கு அலமாரி அலமாரியாகக் கணினி தேவைப்பட்டது. இன்று அதைவிடப் பலசாலியான ஸ்டாக்ஃபிஷ் என்ற இன்ஜின் உங்கள் சட்டைப்பையில் இலவசமாகக் கிடக்கிறது. அது +1.00 என்று காட்டினால் வெள்ளைக்கு ஒரு சிப்பாய் கூடுதல் என்று பலர் நினைக்கிறார்கள். 2022-லிருந்து அதன் கணக்கு வேறு: இரண்டு பக்கமும் இன்ஜினே ஆடினால் வெள்ளை ஜெயிக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அதுதான் +1.00. கவனியுங்கள், இரண்டு பக்கமும் இன்ஜின். கடிகாரத்தில் இரண்டு நிமிடம் மிச்சம் வைத்துக்கொண்டு வியர்த்து உட்கார்ந்திருக்கும் நீங்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது!

ஒரு மாணவி தோற்ற ஆட்டத்தோடு ஓடி வந்தாள். "சார், 61-வது நகர்த்தல்ல எனக்கு டிரா இருந்திருக்கு." சரிம்மா, எப்படி? "இன்ஜின் 0.00-னு, அதாவது ரெண்டு பக்கமும் சமம்னு காட்டுது சார்." எதிராளியிடம் ராஜா, யானை, ஒரு சிப்பாய். இவளிடம் ராஜாவும் யானையும் மட்டும், ராஜா சிப்பாயின் வழியை மறித்து நிற்கிறது. மொத்தம் ஐந்து காய். ஏழு காய் வரைக்கும் எல்லா நிலைக்கும் முடிவு கணக்கிட்டு வைத்தாகிவிட்டது, ஆகவே அந்த 0.00-ல் சந்தேகமே இல்லை. போனைக் கவிழ்த்து வைக்கச் சொல்லிவிட்டுப் பலகையில் காய்களை அடுக்கினேன். சிப்பாய்ப் பக்கம் நான். அவள் யானையைக் கொண்டுபோய் ராஜாவுக்குக் காவலாகக் கடைசி வரிசையில் வைத்தாள், ஆட்டத்திலும் அதையேதான் செய்திருந்தாள். மறுபடியும் தோற்றாள். இன்னொரு தடவை, அதுவும் போயிற்று. கண்ணில் நீர் முட்டிவிட்டது. நான் வாய் திறக்கவில்லை. அப்புறம் யானையைத் தன் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் நிறுத்தினாள், என் ராஜா முன்னே வர முடியவில்லை. வேறு வழியில்லாமல் சிப்பாயை அந்த வரிசைக்கே தள்ளினேன். சடாரென்று யானையைப் பலகையின் மறுகோடிக்கு இறக்கிப் பின்னாலிருந்து செக், செக், செக். "சிப்பாய் முன்னாடி வந்துட்டதால உங்க ராஜாவுக்கு ஒதுங்க இடமில்ல சார்!" அவள் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சு ஆட்டக்காரர் பிலிடோர் பெயரில் வழங்கும் தற்காப்பு அது. இனி அவள் அதை மறக்க மாட்டாள். வெறும் 0.00 இதைத் தந்திருக்குமா? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அலசும் முறையும் இதிலேயே அடங்கிவிட்டது. எங்கே பயந்தீர்கள், எந்த நகர்த்தலை யோசித்துக் கைவிட்டீர்கள் என்பதை முதலில் கையால் எழுதுங்கள். அதன்பிறகு இன்ஜினைத் திறந்து, அது பரிந்துரைக்கும் ஒரு நகர்த்தல் தொடரோடு நிற்காமல் மூன்று தொடர்களைக் காட்டச் செய்யுங்கள். அதன் பதில் புரியவில்லையா, உங்களுக்குத் தோன்றிய நகர்த்தலை அதற்கு எதிராக ஆடிப் பாருங்கள், அது அடிக்கும் இடத்தில் காரணம் தெரியும்.

இதைவிட முக்கியமான ஒன்று நம் கண்ணெதிரே அழிந்துகொண்டிருக்கிறது. ஆட்டம் முடிந்ததும் ஆடிய இருவரும் ஒரே பலகையில் உட்கார்ந்து, "இங்கே குதிரையை எடுத்திருந்தால் என்ன செய்திருப்பாய்" என்று கேட்டுக்கொள்வார்களே, அது. இப்போது கைகுலுக்கிய கையோடு ஆளுக்கொரு மூலையில் போனைத் திறக்கிறார்கள். எதிராளி மனதில் ஓடியதை எந்த இன்ஜின் சொல்லும்?

தலைவர் அவர்களே, நடுவர்களே, போட்டி நடக்கும் இடத்தில் ஓர் அறை, பத்துப் பலகை, உள்ளே போனுக்கு அனுமதியில்லை, ஆட்டம் முடிந்தவர்கள் அரைமணி நேரம் சேர்ந்து அலசலாம். அடுத்த போட்டி அறிவிப்பில் இந்த ஒரு வரி வந்தாக வேண்டும். மனுவை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன். இறங்கியதும் தலைவர் கையில் கொடுக்கிறேன், பேனாவும் வைத்திருக்கிறேன், கையெழுத்திட விரும்புகிறவர்கள் மேடைக்குப் பக்கத்தில் வாருங்கள்.