ஒரே கவர், ஒரே எண், மூன்று வேறு பாட்டு

வணக்கம் மக்களே. போன வாரம் அலமாரியைக் காட்டியபோது, "ஒரே ரெகார்டை எதற்கு இரண்டு மூன்று வாங்கி வைத்திருக்கிறீர்கள்?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. வீட்டிலும் அதையேதான் கேட்கிறார்கள். இன்றைக்கு அதற்குப் பதில்.

இதோ, கேமராவுக்குக் கிட்டே பிடிக்கிறேன். ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட் என்ற பாப் குழுவின் 'ரிலாக்ஸ்'. 1983இல் பிரிட்டனில் வந்த 12 இஞ்ச் சிங்கிள், அதாவது ஒரு பாட்டுக்காகவே போட்ட பெரிய ரெகார்டு. இது ஒன்று, இது இன்னொன்று. கவர் அதே கவர். கேட்டலாக் எண்ணும், அதாவது ரெகார்டுக்கு நிறுவனம் போடும் எண்ணும், அதேதான். நடுவில் ஒட்டிய லேபிள் இரண்டிலும் 'செக்ஸ் மிக்ஸ்' என்றே அச்சடித்திருக்கிறது. மிக்ஸ் என்றால் பதிவு செய்த பாட்டைக் கலந்து அமைத்த விதம். இந்தப் பெயரைச் சொன்னதற்காக வீடியோவுக்கு மஞ்சள் குறி போட்டு விளம்பரத்தைக் குறைக்காமல் இருந்தால் சரி. ஆனால் ஊசியை வைத்துப் பாருங்கள். ஒன்று 16 நிமிடத்துக்கு மேல் ஓடும். மற்றது ஏழரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நீளம் மட்டுமல்ல, டிரம் வேறு, பாடும் இடங்கள் வேறு. சுத்தமாக இரண்டு வேறு வேலை.

நடந்தது இதுதான். தயாரிப்பாளர் ட்ரெவர் ஹார்ன் முதலில் வெளியிட்ட அந்த 16 நிமிட மிக்ஸில், ரேடியோவில் கேட்ட பாட்டு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. காசு கொடுத்து வாங்கியவர்கள் பாட்டு எங்கே என்று கேட்டார்கள். இடையில் அதையே எட்டு நிமிடச் சொச்சத்துக்குச் சுருக்கி ஒன்று போட்டார்கள். அப்புறம் ஹார்ன் நியூயார்க்கில் பாரடைஸ் கராஜ் கிளப்புக்குப் போனார். அங்கே இருந்த பெரிய ஸ்பீக்கரில் 12 இஞ்ச் ரெகார்டு எப்படி ஒலிக்கிறது என்று கேட்ட பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அதற்குப் பின் செய்ததுதான் 'நியூயார்க் மிக்ஸ்'. அதையும் பழைய கவரில், பழைய எண்ணிலேயே விற்றார்கள். ஆக, ஒரே எண்ணில் மூன்று ரெகார்டு.

அப்படியென்றால் கடையில் எதை வைத்துக் கண்டுபிடிப்பது? கவரை மறந்துவிடுங்கள். பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் வழவழவென்று ஒரு பட்டை இருக்கிறதா, அதைப் பாருங்கள். இதற்கு டெட் வாக்ஸ், ரன்-அவுட் என்று பெயர். நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ரெகார்டைக் கண்ணுக்கு நேராகப் படுக்கை வாட்டில் பிடித்து, போன் டார்ச்சைப் பக்கவாட்டிலிருந்து அடியுங்கள். இதோ பாருங்கள், எழுத்துகள் மேலெழும்பி வருகின்றன. கையால் கீறியது. மாஸ்டர் தட்டை, அதாவது பிரதிகளுக்கெல்லாம் மூலமான தட்டை, வெட்டும் இன்ஜினியர் அங்கேயே எழுதிவிட்டுப் போவார். ஒரு பக்கத்தை மறுபடி புதிதாக வெட்டினால், கடைசியில் இருக்கும் எண் மாறும். என் கையில் இருக்கும் இந்த இரண்டு 'ரிலாக்ஸ்' தட்டுக்கும் வெளியில் தெரிகிற வித்தியாசம் அந்தக் கடைசி எண் மட்டும்தான்.

சில இன்ஜினியர்கள் கையெழுத்தும் போடுவார்கள். பழைய பிரிட்டிஷ் ரெகார்டுகளில் 'எ போர்க்கி பிரைம் கட்' என்று கீறியிருந்தால், அது ஜார்ஜ் பெக்கம் வெட்டியது. அவருக்குப் போர்க்கி என்று பட்டப்பெயர். அவர் வெட்டிய தட்டு என்றால் சத்தம் நிமிர்ந்து நிற்கும் என்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறேன்.

சரி, 12 இஞ்சில் சிங்கிள் என்ற வழக்கமே எப்படி வந்தது? ஒரு பாட்டுக்கு எதற்கு அவ்வளவு பெரிய தட்டு?

எழுபதுகளின் நடுப்பகுதி, நியூயார்க். டிஸ்கோ பாட்டுகளை நீட்டி மிக்ஸ் செய்துகொண்டிருந்த டாம் மோல்டன், சோதனைத் தட்டு வெட்ட ஹோசே ரோட்ரிகஸ் என்ற இன்ஜினியரிடம் போகிறார். சிங்கிளுக்கு வழக்கமான 7 இஞ்ச் வெற்றுத்தட்டு தீர்ந்துபோயிருக்கிறது. பெரிய தட்டுதான் கைவசம் இருந்தது. அதில் வெட்டினால் ஓரத்தில் கொஞ்சமாகக் கோடு, மீதியெல்லாம் வெறுமை. பார்க்க அசிங்கமாக இருக்கிறது, கோடுகளைப் பரப்பி வெட்டக் கூடாதா என்று மோல்டன் கேட்கிறார். பரப்ப வேண்டுமென்றால் ஒலியளவைக் கூட்ட வேண்டும். கூட்டி வெட்டிய தட்டைப் போட்டுக் கேட்டதும் இருவருக்கும் தூக்கிவாரிப்போட்டது.

காரணம் எளிமையானது. பாஸ் ஒலி ஊசியை இடமும் வலமும் அகலமாக ஆட்டும். அதற்குக் குரூவுக்கு, அதாவது ஊசி ஓடும் அந்தக் கோட்டுக்கு, இடம் வேண்டும். 7 இஞ்சில் பாட்டு நீள நீள, குரூவ்கள் தீபாவளி சமயத்து ரங்கநாதன் தெருபோல ஒன்றையொன்று இடிக்கும். அப்போது வேறு வழியில்லாமல் ஒலியளவைக் குறைப்பார்கள், பாஸை வெட்டுவார்கள். 12 இஞ்சில் அந்தத் தொல்லை இல்லை. இன்னொரு லாபமும் உண்டு. 45 ஆர்பிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 45 சுற்றில், 12 இஞ்ச் தட்டின் வெளி ஓரத்தில், ஊசிக்கு அடியில் விநாடிக்கு ஏறக்குறைய 70 சென்டிமீட்டர் குரூவ் ஓடுகிறது. 7 இஞ்சில் 40 சென்டிமீட்டர்போலத்தான். அதே ஒலிக்கு அதிக நீளம் கிடைக்கும்போது டிரம் செட்டில் ஜால்ராபோல ஒலிக்கும் ஹை-ஹாட் சத்தமெல்லாம் தெளிவாக நிற்கும். உள்ளே போகப் போக இந்த வேகம் குறைந்துகொண்டே வரும். அதனால்தான் பல தட்டுகளில் கடைசி நிமிடம் கொஞ்சம் கரகரக்கிறது. உங்கள் ஊசியைக் குறை சொல்லாதீர்கள், பாவம்.

மோல்டன் காலத்துத் தட்டுகள் டிஜேக்களுக்கு மட்டும்தான் போயின. கடையில் காசு கொடுத்து வாங்கக் கிடைத்த முதல் 12 இஞ்ச் சிங்கிள், 1976இல் சால்சோல் நிறுவனம் விட்ட டபுள் எக்ஸ்போஷர் குழுவின் 'டென் பர்சென்ட்'. மிக்ஸ் செய்தவர் வால்டர் கிப்பன்ஸ். ஸ்டுடியோ ஆள் இல்லை, கிளப்பில் தட்டு சுற்றுகிற டிஜே. ஒரே ரெகார்டில் இரண்டு பிரதி வைத்துக்கொண்டு டிரம் வரும் இடத்தை மாற்றி மாற்றி ஓட்டி நீட்டுவதில் கில்லாடி. அவர் கையில், குரலும் வாத்தியங்களும் தனித்தனியாகப் பதிவான ஸ்டுடியோவின் மல்ட்டி டிராக் டேப்பையே கொடுத்தார்கள். ஏழு இஞ்சில் மூன்று நிமிடச் சொச்சம் இருந்த பாட்டு, அவர் கையில் 9 நிமிடம் 45 விநாடி ஆனது. போட்டுக் காட்ட ஆசைதான், காப்பிரைட்காரர்கள் விடமாட்டார்கள். பாட்டு நடுவில் எல்லாம் விலகி வெறும் தாளம் மட்டும் நிற்கும். அப்புறம் ஒவ்வொரு வாத்தியமாக உள்ளே வரும். ஆடுகிறவர்களின் காலைப் பார்த்துப் பார்த்துப் பழகிய ஒருவருக்குத்தான் அந்த இடம் தெரியும்.

ஒரே பாட்டை வேறு வடிவத்தில் போடும் வழக்கத்தில் இதற்கு முன்னாலேயே ஜமைக்கா இருக்கிறது. அறுபதுகளின் கடைசியிலேயே அங்கே குரலை எடுத்துவிட்டு இசையை மட்டும் 7 இஞ்சின் பி பக்கத்தில், அதாவது மறுபக்கத்தில், போட ஆரம்பித்தார்கள். லேபிளில் 'வெர்ஷன்' என்று மட்டும் இருக்கும். பிறகு கிங் டப்பி என்ற ஒலி இன்ஜினியர் மிக்ஸிங் மேசையில் உட்கார்ந்து எக்கோவும் ரிவெர்பும் கலந்து அதை டப் என்ற தனிக் கலையாக்கினார். அதற்குத் தனி வீடியோவே வேண்டும், இன்றைக்குத் தொடவில்லை.

இப்போது வாங்குகிற விஷயத்துக்கு வருவோம். எனக்கு ஒரு கொள்கை இருக்கிறது. அரிதான தட்டு வேறு, நல்ல தட்டு வேறு. அந்த 16 நிமிட 'ரிலாக்ஸ்' வைத்திருக்கிறேன், ஆனால் போட்டுக் கேட்பது அபூர்வம். நியூயார்க் மிக்ஸைத்தான் தேய்த்துத் தேய்த்துக் கேட்கிறேன். அதேபோல் இதைப் பாருங்கள், யாசூ குழுவின் 'சிச்சுவேஷன்'. 1982இல் பிரிட்டனில் இது ஒரு சிங்கிளின் பி பக்கத்தில் ஒதுங்கிக் கிடந்த குட்டிப் பாட்டு. அமெரிக்காவில் டிஜே ஃபிரான்ஸ்வா கெவோர்கியன் ரீமிக்ஸ் செய்ததும் கிளப் கிளப்பாகப் பிய்த்துக்கொண்டு போய், பில்போர்டு பத்திரிகையின் நடனப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இந்த அமெரிக்க 12 இஞ்ச் ஒன்றும் பொக்கிஷ விலை இல்லை. ஆரம்பிப்பவர்கள் இதுபோன்ற தட்டிலிருந்து ஆரம்பியுங்கள் என்பேன்.

அரிதுக்கென்று நான் ஏங்குவது ஒன்று உண்டு. பாடகி எம்.ஐ.ஏ., நம் மாதங்கி அருள்பிரகாசம், 2003இல் லண்டனில் 'கலாங்' பாட்டை ஷோபிஸ் என்ற சிறு ரெகார்டு நிறுவனத்தில் 500 பிரதி மட்டும் போட்டார். பிறகு எக்ஸ்எல் நிறுவனம் மறுபடி வெளியிட்டது தாராளமாகக் கிடைக்கிறது, என்னிடமும் அதுதான் இருக்கிறது. பாட்டு அதேதான், தெரியும். இருந்தாலும் அந்த 500இல் ஒன்று வேண்டும். இதற்குத் தர்க்கம் கேட்காதீர்கள்.

ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. விற்பவர் கவர் படத்தையும் கேட்டலாக் எண்ணையும் மட்டும் போட்டு, 'அரிய நீண்ட மிக்ஸ்' என்று விலை ஏற்றியிருந்தால், பணம் அனுப்புமுன் ரன்-அவுட் பட்டையின் படம் கேளுங்கள். இரண்டு பக்கத்துக்கும் கேளுங்கள். நேர்மையான விற்பனையாளர் ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார். மழுப்பினால் விட்டுவிடுங்கள், இன்னொரு பிரதி வரும்.

உங்கள் வீட்டுப் பரணில் இப்படி 12 இஞ்ச் ஏதாவது கிடந்தால், டார்ச் அடித்துப் பார்த்து அந்த எழுத்துகளை அப்படியே கீழே எழுதுங்கள். தெரிந்தவரை எந்த வெட்டு என்று சொல்கிறேன். அடுத்த வீடியோ கிங் டப்பி.